சீட்டுக்கு அடியில் இருந்த எண்

மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

வாயாடி எழுதுகிறேன். எனக்கு ஜலதோஷம், மற்றபடி சுகம். நீங்கள், அண்ணா, குட்டி மூன்று பேரும் புது ஊரில் சுகம்தானே? சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா? அண்ணாவிடம் சொன்னால் அடுத்த வருஷம்தான் பார்ப்பார். நீங்களே ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள்.

நேற்று கவரில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தேன். வரவேற்பில் இருக்கும் பெண் பார்த்துவிட்டு, "மெயில் சர்வரையே கையில வெச்சுக்கிட்டு கடுதாசி எழுதறீங்களே!" என்று சிரித்தாள். நீங்கள் எப்போதும் சொல்வதையே சொன்னேன்: "மெயில்ங்கிறது நாலு பேர் படிக்கக்கூடிய கடுதாசி. அந்த நாலு பேர்ல ஒருத்தி நான்." பாவம், அவள் முகம் சுண்டிவிட்டது. யாருக்கு என்ன அனுப்பினாளோ!

சர்வர் அறையில் அதே குளிர். உங்கள் சாம்பல் நிற ஸ்வெட்டர் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. நான்தான் போட்டுக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எட்டு மாதமாகிறது. எனக்கு இந்த ஆபீஸில் வேலை வாங்கிக் கொடுத்ததே நீங்கள். உங்களை வெளியே அனுப்பிவிட்டு உங்கள் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். இதை எழுதும்போது எனக்கு எப்போதும் ஒரு மாதிரியாக இருக்கிறது. அண்ணாவுக்கும் அதே மாதம் மாற்றல் வந்ததால் உறவுக்காரர்கள் வாயிலிருந்து தப்பித்தோம்.

நம் அவசரக்குடுக்கை மேலாளர் மாறவே இல்லை. பேக்கப்பைப் பற்றி யார் வந்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானூறு பேர் மெயிலையும் தினமும் டேப்பில் பிரதி எடுக்க முன்பு பதினான்கு மணி நேரம் ஆகுமே, காலை பத்தரை வரை இழுத்து எல்லாருடைய மெயிலையும் மந்தமாக்குமே, அது இப்போது நாலரை மணியில் முடிகிறது. லிஃப்ட் பக்கத்தில் என் போட்டோவை வேறு மாட்டி வைத்திருக்கிறார்கள். அதில் என் மூக்கு கோணலாக இருக்கிறது. நான் படிக்கட்டில்தான் ஏறுகிறேன்.

குட்டிக்கு முத்தம்.

உங்கள்
வாயாடி நாத்தனார்


மே 12

என் வாயாடிக்கு,

கடிதம் படித்துச் சிரித்தேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஸ்வெட்டரை நீயே வைத்துக்கொள், அதற்கு ஏன் இத்தனை பீடிகை?

ஒரு நல்ல செய்தி. இங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள். முதல் சுற்று முடிந்தது. ஆனால் நம் ஆபீஸ் கொடுத்த விடுவிப்புக் கடிதத்தில் "பணியில் வேகக் குறைவு" என்று எழுதியிருக்கிறார்களே, அங்கே வந்து மாட்டிக்கொண்டது. கணினிப் பிரிவின் தலைவி ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "இது என்ன?" என்று கேட்டார். பேக்கப் மெதுவாக ஓடியதற்குக் காரணம் டேப் இயந்திரத்தை சர்வரோடு இணைக்கும் பழைய கார்டு, புது கார்டு கேட்டு மேலாளருக்கு மூன்று முறை மெயில் எழுதினேன் என்றேன். "அப்படின்னா அந்த மூணு மெயிலையும் கொண்டு வாங்களேன்" என்றார். ஜூன் பதினைந்தாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

என் மெயில் பெட்டி இப்போது உன் கையில். டேப்பிலிருந்து அந்த மூன்றையும் எடுத்து அச்சடித்து அனுப்பு. உனக்கு அரை மணி நேர வேலை. மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே செய், ஒளிவுமறைவு வேண்டாம்.

நீ எப்படி வேகப்படுத்தினாய் என்று இதுவரை எனக்குச் சொல்லவே இல்லையே. நான் போன பிறகு அவசரக்குடுக்கை புது கார்டு வாங்கிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. நான் இருந்தபோது வாங்கித் தந்திருந்தால் என்னவாம்!

உன் அண்ணாவுக்கு நீ ஒரு பெரிய ஆயுதத்தைக் கொடுத்துவிட்டாய். எதிர் வீட்டுக்காரர் வரும்போதெல்லாம், "ஆறு வருஷமா இவளால முடியாததை என் தங்கச்சி ஒரே மத்தியானத்துல முடிச்சா" என்கிறார். விளையாட்டுக்குத்தான். அவரும் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன். எட்டு மாதமாகச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது. அதனால்தான் இந்த வேலை எனக்கு வேண்டும், வேறொன்றுமில்லை.

அன்புடன்
உன் அண்ணி


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே வேலை அதிகம். அந்த மெயில்களைத் தேடிப் பார்க்கிறேன்.

வாயாடி


மே 27

என் வாயாடிக்கு,

மூன்று வரி! கல்யாணப் பத்திரிகையில் விலாசம் எழுதச் சொன்னால் அதிலேயே மூன்று பக்கம் எழுதுகிறவள் நீ. உடம்புக்கு ஏதாவதா? மேலாளர் ஏதாவது சொன்னாரா? டேப்பைத் தொடக் கூடாது என்றால் சொல், நான் அவருக்கு நேரடியாக எழுதிக் கேட்கிறேன்.

நாள் நெருங்குகிறது என்பதற்காகத்தான் கேட்கிறேன், உன்னை நெருக்குவதற்காக இல்லை. நேற்று உன் அண்ணாவிடம், "மெயில் வந்துடும், உங்க தங்கச்சி எடுத்துத் தருவா" என்றேன். "அவ நெனச்சா உடனே எடுத்துடுவாளே" என்றார். எனக்கும் அதே நம்பிக்கைதான்.

உன் அண்ணி


ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். இது ஐந்தாவது.

உங்கள் மெயில்கள் இல்லை. போனவர்களின் பெட்டியை ஆறு மாதத்தில் அழிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பெட்டியை மார்ச்சில் நானே அழித்தேன். டேப்பில்தான் இருக்கிறதே என்ற தைரியம். உங்கள் கடிதம் வந்த அன்றே டேப்பைப் போட்டு எடுத்துப் பார்த்தேன். வரவில்லை. வேறொன்றைப் போட்டேன், அதுவும் வரவில்லை. அலமாரியில் இருந்த அத்தனை டேப்பையும் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டேன், அண்ணி. பெட்டிகளின் பெயர்கள் வருகின்றன, உள்ளே மெயில் பாதியில் அறுந்திருக்கிறது. உங்கள் காலத்துப் பழைய டேப்புகளின் மேலேயே சுற்றுமுறைப்படி நான் புதிதாக எழுதிவிட்டேன். மேலாளர் பழைய மெயிலை வைத்துக்கொள்வதே இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

புது கார்டு யாரும் வாங்கித் தரவில்லை. நான் பஃபரை மட்டும் ஏற்றினேன். ஒரு தடவைக்கு எவ்வளவு அள்ளி டேப்புக்கு அனுப்புவது என்ற அந்த அளவு அறுபத்து நான்கில் இருந்தது. நீங்கள் இங்கே விட்டுப்போன நீல நோட்டில் பெரிய எண் ஒன்று பென்சிலில் இருந்ததைப் பார்த்தேன், அதைப் போட்டேன். வேகம் கூடியது. உங்களுக்கே தெரிந்த எண் என்று மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வாயாடி என்று பெயர் வைத்தீர்களே, வாயைத் திறக்க வேண்டிய அந்த ஒரு நாள் திறக்கவில்லை.

ஆனால் ஆபத்து என்று எனக்குத் தெரியாது, அண்ணி. நோட்டில் எச்சரிக்கை எதையும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தொட்டிருப்பேனா?

வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

வாயாடி


ஜூன் 8

வாயாடிக்கு,

முதலில் வேலை. இதைப் படித்தவுடன் பஃபரைப் பழையபடி அறுபத்து நான்குக்கு இறக்கு. எழுதி முடித்ததும் டேப்பைச் சரிபார்க்கிற அமைப்பு ஓடுகிறதா என்று பார். அது ஓடியிருந்தால் முதல் நாளே பிழை காட்டியிருக்கும், எப்படி எட்டு மாதம் சும்மா இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு டேப்பை எழுதி, அதிலிருந்து ஒரு பெட்டியை முழுதாகத் திரும்ப எடுத்துப் பார். நானூறு பேருக்கு எட்டு மாதமாகப் பிரதியே கிடையாது. இன்று ஒரு டிஸ்க் போனால் அத்தனை பேர் மெயிலும் போச்சு.

இனி அந்த எண்.

புனலின் வாய் சின்னது, வாளி வாளியாக ஊற்றினால் வாளி சீக்கிரம் காலியாகும், ஆனால் பாதித் தண்ணீர் கீழே போகும். அந்தப் பழைய கார்டு அப்படித்தான். பெரிய அளவில் அனுப்பினால் கடைசிப் பகுதியை விழுங்கிவிட்டு, எல்லாம் எழுதிவிட்டேன் என்று சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்தேன். யாராவது ஆசைப்பட்டுப் போட்டுவிடக் கூடாதே என்று, அந்த எண்ணின் மேல் ஒரு மஞ்சள் சீட்டை வைத்து, நாலு மூலையிலும் ஸ்டேப்ளர் பின் அடித்தேன். சீட்டில் சிவப்பு மையில், "புது கார்டு வரும்வரை இந்த அளவைப் போடாதே, திரும்ப எடுத்தால் வராது" என்று எழுதியிருந்தேன். மூன்றாவது மெயிலுக்கும் பதில் வராமல், நோட்டோடு மேலாளர் அறைக்குப் போய் அந்தச் சீட்டிலேயே "பார்த்தேன்" என்று அவரை எழுத வைத்து, தேதியோடு கையெழுத்து வாங்கினேன்.

நாலு பின்னையும் பிடுங்காமல் யாராலும் அந்த எண்ணைப் பார்த்திருக்க முடியாது, கண்ணு.

அந்தச் சீட்டு இருந்தால் மூன்று மெயிலும் தேவையில்லை. எட்டு மாதத்தில் குப்பைக்குப் போயிருக்கும். போகட்டும்.

அண்ணி


ஜூன் 11

அண்ணிக்கு,

சீட்டு குப்பைக்குப் போகவில்லை. இதோடு இருக்கிறது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், பதினைந்துக்குள் வந்துவிட வேண்டும் என்று எல்லாக் கடவுளையும் கூப்பிடுகிறேன்.

பின்களை நகவெட்டியால் பிடுங்கினேன். சிவப்பு எழுத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். "அண்ணி எப்பவும் பயந்தாங்கொள்ளி" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நீங்கள் போய் மூன்றாவது வாரம் அது. மேலாளர் தினமும் வந்து, "உங்க அண்ணி மாதிரி நீயும் இழுக்காதே" என்று என் தலைக்கு மேல் நின்றார். பயந்துபோய்ப் போட்டேன் என்று சொல்லலாம். ஆனால் உங்களைவிட நான் கெட்டிக்காரி என்று காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

சரிபார்ப்பு எப்படிச் சும்மா இருந்தது என்று கேட்டீர்கள். சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் மேலாளர் நாலரை மணி நேரம் என்று அறிவித்துவிட்டார், எல்லாரும் கைதட்டினார்கள். மத்தியானம் வந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. அப்போதே மாடி ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பதினெட்டுப் படிதான். நான் சரிபார்ப்பையே நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு சிவப்பு வரவில்லை. கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நானே நம்ப ஆரம்பித்தேன்.

சீட்டைக் கிழிக்க மனசு வரவில்லை, பழைய இடத்தில் வைக்கத் தைரியமும் வரவில்லை. எனக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தின் உறைக்குள் வைத்திருந்தேன். நீங்கள் மே மாதம் கேட்டபோதே அது என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அதை அனுப்பினால் நான் படித்தேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் ஒரு வாரம் எல்லா டேப்பையும் போட்டுப் போட்டுப் பார்த்தேன், எங்கேயாவது மெயில் கிடைத்தால் சீட்டைக் காட்டாமல் தப்பிக்கலாம் என்று.

பஃபரை இறக்கிவிட்டேன். சரிபார்ப்பு ஓடுகிறது. ஒரு பெட்டியை முழுதாக எடுத்துப் பார்த்தேன், வந்தது. மறுபடி பதினான்கு மணி நேரம். காலையில் எல்லாரும் மெயில் ஓடவில்லை என்று திட்டுகிறார்கள். ஆறு வருஷம் நீங்கள் வாங்கிய திட்டு. நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் உங்களுக்காகப் பேசியதில்லை.

உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தெரியவில்லை.

நாத்தனார்


ஜூன் 19

நாத்தனாருக்கு,

உன் கடிதம் பதினாறாம் தேதி மத்தியானம் வந்தது. நான் பதினைந்தாம் தேதி வெறுங்கையோடு போய் வந்தேன்.

அந்த அம்மாள், "மெயில் எங்கே?" என்றார். "கிடைக்கவில்லை" என்றேன். "அங்க இப்ப யார் இருக்காங்க?" "என் நாத்தனார்." "சொந்தக்காரங்கதானே, எடுத்துத் தரலையா?" உன் ஜூன் மூன்றாம் தேதிக் கடிதம் என் கைப்பையில் இருந்தது. "தேடிக்கிட்டிருக்கா" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, காது வரைக்கும் சூடாகிவிட்டது. அவர் அதற்குமேல் மெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு, "பேக்கப் நல்லா ஓடுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டார். "ஓடறதைப் பார்த்து ஒண்ணும் தெரியாதும்மா. திரும்ப எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றேன். எனக்கு முன்னால் வந்த ஐந்து பேரும் வேகத்தைப் பற்றியே பேசினார்களாம். வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர்கிறேன்.

ஆகவே சீட்டு எனக்குத் தேவைப்படவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன், அது உன் கையில்தான் இருக்க வேண்டும்.

மேலாளரிடம் சொன்னாயா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பஃபரை இறக்கிவிட்டால் போதாது. எட்டு மாத டேப்பும் பயனில்லை என்று அந்த நானூறு பேருக்கும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. உன் அண்ணாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வேலை கிடைத்ததைச் சொன்னபோதுகூட, "இங்கயாவது சுறுசுறுப்பா இரு" என்றார். பிறந்ததிலிருந்து உன்னைத் தெரிந்தவர், நீ சொன்னால்தான் நம்புவார். நீயே சொல். அதுவரைக்கும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

அண்ணி


ஜூன் 30

அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மேலாளரிடம் சீட்டை நீட்டினேன். முதலில் தன் கையெழுத்தைப் பார்த்தார், அப்புறம் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றார். "எட்டு மாசமா எனக்குள்ளயே இருந்தது, போதும் சார்" என்றேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணைக் கண்டுபிடித்தவர் யார், வேண்டாம் என்று எழுதியவர் யார், பின்னைப் பிடுங்கியவள் யார் என்று. யாரும் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. லிஃப்ட் பக்கத்துப் போட்டோவை நானே கழற்றினேன். இனி நான் உதவியாளர்தான், நாற்காலிக்கு வேறு ஆள் வருகிறார். புது கார்டுக்கு இரண்டே நாளில் கையெழுத்தாகிவிட்டது. உங்களுக்குப் புது விடுவிப்புக் கடிதம் வரும், "வேகக் குறைவு" இல்லாமல்.

அண்ணாவுக்கு எழுதிய கடிதம் இந்தக் கவருக்குள் இருக்கிறது. வேண்டுமென்றே ஒட்டவில்லை. நீங்கள் படித்துப் பாருங்கள். எதையாவது நான் குறைத்துச் சொல்லியிருந்தால் கொடுக்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள், மறுபடி எழுதுகிறேன்.

நாத்தனார்


ஜூலை 9

வாயாடிக்கு,

அந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை. ஒட்டி, உன் அண்ணாவின் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே பிரித்தார். பாதியில் கை கழுவிவிட்டு வந்து, நின்றபடி மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொன்னேனே. கார்டு கார்டுன்னு ஆறு வருஷமா சொன்னேன். நீங்க தண்ணி எடுன்னு சொன்னீங்க."

மறுநாள் ஒரு ஸ்பானரைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து, சமையலறைக் குழாயின் கீழே இரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தார். இப்போது ஒழுகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுக்காரர் வந்தார். வழக்கம்போல, "என்ன, தங்கச்சி எப்படி இருக்கா?" என்றார். நான் சிரிக்கத் தயாராக நின்றேன், பழகிப்போன சிரிப்பு. உன் அண்ணா என் பக்கம் திரும்பவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சார், இத்தனை நாளா உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். அதைக் கண்டுபிடிச்சதே இவதான்." அவருக்கு ஒன்றும் புரியவில்லை, "எதை?" என்றார். நான் உள்ளே போய்விட்டேன். குட்டி வந்து, "ஏம்மா அழறே?" என்று கேட்டாள், குழாய் ஒழுகவில்லை என்றேன்.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. மே மாதம் முழுக்க அந்தச் சீட்டு உன் இழுப்பறையில் இருந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. நீயும் அதைச் சீக்கிரம் மறந்துவிட வேண்டாம்.

புது கார்டு வந்ததும் பஃபரை ஒரேயடியாக ஏற்றாதே, இருமடங்கு வை, ஒரு பெட்டியை எடுத்துப் பார், அப்புறம் மேலே போ. ஒவ்வொரு தடவையும் என்ன ஆனது என்று எனக்கு எழுது. மூன்று வரியில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன் அண்ணி